சோதனை எந்திரம் காணாத கோணம்

செயற்கை இடுப்பு மூட்டு ஒன்று மனித உடலுக்குள் போகுமுன், அதன் மாதிரி ஆய்வுக்கூடத்தில் 50 இலட்சம் அடி நடந்துவிடுகிறது. அந்த நடையை ஐ.எஸ்.ஓ. 14242 என்னும் பன்னாட்டுத் தரநிலை வகுத்துத் தந்திருக்கிறது: நொடிக்கு ஒரு சுழற்சி, 3000 நியூட்டன் உச்சச் சுமை, மூட்டுநீருக்குப் பதிலாக உடல் வெப்பத்தில் வைத்த, நீர்க்கச் செய்த கன்றின் இரத்தச் சீரம். இடையிடையே மூட்டைக் கழற்றிக் கழுவி, எடை பார்த்து, எத்தனை மில்லிகிராம் தேய்ந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். ஏறத்தாழ ஐந்தாண்டு நடைக்கு இது ஈடு என்பது பொதுவான கணக்கு. இவ்வளவு கட்டுப்பாட்டையும் கடந்துவந்த சில மூட்டுகள் உடலுக்குள் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே கெட்டுப்போனது ஏன்? சோதனையின் அளவு போதவில்லை என்பது வழக்கமான விடை. அந்த விடையில் எனக்கு உடன்பாடில்லை. அறுவை மருத்துவரின் கையும் நோயாளியின் அன்றாடப் பழக்கமும் சோதனைக்கு வெளியே ஒதுக்கப்படுகின்றன. உண்மையில் சோதிக்கப்பட வேண்டிய மாறிகள் அவையே.

துறையின் தொடக்கமே இதற்குச் சான்று. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1950களின் இறுதியில் இடுப்பு மூட்டு மாற்று முறையை வகுத்த ஜான் சார்ன்லி, பொருள்களிடம் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உராய்வு எவ்வளவு குறைவு? அந்தக் கேள்விக்கு டெஃப்லானே மிகச் சிறந்த விடை. உராய்வால் எழும் முறுக்கத்தை மேலும் குறைக்க, உலோகப் பந்தின் விட்டத்தைப் படிப்படியாக 22.225 மில்லிமீட்டருக்குச் சுருக்கினார். தர்க்கத்தில் குறையில்லை. ஆனால் பந்து சிறுத்தால் அதே சுமை சிறிய பரப்பில் இறங்கும். டெஃப்லானோ வழுக்கும், ஆனால் தேய்மானத்தைத் தாங்காது. ஏறத்தாழ 300 நோயாளிகளுக்குப் பொருத்திய பின், ஓரிரு ஆண்டுகளிலேயே பந்து டெஃப்லான் கிண்ணத்தைக் குடைந்துகொண்டு ஏறத் தொடங்கியது. உதிர்ந்த துகள்களைச் சுற்றித் திசு கட்டியாகத் திரண்டது. தம் தொடையிலேயே டெஃப்லான் மாதிரியைச் செலுத்தி உடல் காட்டும் எதிர்வினையைப் பார்த்தவர் சார்ன்லி; அந்த நேர்மை இன்று எத்தனை பேருக்கு வாய்க்கும் என்பது வேறு கேள்வி.

மாற்றுப்பொருள் வந்த விதம் எல்லோரும் சொல்லும் கதைதான், எனினும் அதன் ஒரு பகுதி கவனம் பெறுவதில்லை. 1962 மே மாதத்தில் ஒரு விற்பனையாளர், தறிகளின் பற்சக்கரங்களுக்கான உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீனைக் கொண்டுவந்தார். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு ஒதுக்கினார். ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் ஹாரி கிரேவன் அவருக்குத் தெரியாமலே அதைத் தேய்மான எந்திரத்தில் ஏற்றினார். மூன்று வாரம் இரவுபகலாக ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அது நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்றுவரை பெரும்பாலான மூட்டுகளில் இருப்பது அதன் வழிவந்த பொருளே. கிரேவனின் எந்திரம் வென்றது என்று கதை இங்கே முடிந்துவிடுகிறது. ஆனால் அதற்கு முன்னரே, நிரப்பி கலந்து வலுவூட்டிய டெஃப்லான் வகை ஒன்றையும் ஆய்வுக்கூடச் சோதனை பாராட்டியிருந்தது. உடலுக்குள் அதன் மேற்பரப்பு குழைந்து போயிற்று. நிரப்பித் துகள்கள் உலோகப் பந்தையே அரம்போல் அராவின. எந்திரம் ஒருமுறை சரியாகவும் ஒருமுறை தவறாகவும் சொன்னது. எந்த முறை சரி என்பதை எந்திரத்தைப் பார்த்து அறிய வழியில்லை.

இந்த ஐயம் தீர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பாலிஎத்திலீனை நேர்கோட்டில் முன்னும் பின்னும் தேய்த்தால், அதன் நீள்சங்கிலி மூலக்கூறுகள் அந்தத் திசையிலேயே வரிசைப்பட்டு இறுகிவிடுகின்றன. தேய்மானம் ஏமாற்றும் அளவுக்குக் குறைகிறது. மனிதர் நடக்கும்போதோ பந்தின் ஒவ்வொரு புள்ளியும் கிண்ணத்தின்மீது குறுக்கும் நெடுக்குமாக ஒரு சிறு நீள்வட்டம் போடுகிறது. குறுக்கிழுப்பில் மூலக்கூறுகள் பிய்கின்றன. 1990களில் இது தெளிவான பிறகே, கதிர்வீச்சால் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீனின் மதிப்பை எந்திரங்களால் காட்ட முடிந்தது. அத்தகைய பொருளை ஜப்பானிலும் தென்னாப்பிரிக்காவிலும் 1970களிலேயே நோயாளிகளுக்குப் பொருத்தியிருந்தார்கள் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். மருத்துவம் முன்னால் போக, சோதனை பின்னால் வந்தது.

அளவுகோலிலும் இதே சிக்கல் உண்டு. பாலிஎத்திலீன் துகள்கள் எலும்பை அரிப்பது தெரிந்ததும், உலோகக் கிண்ணத்தில் உலோகப் பந்து என்ற பழைய எண்ணம் மீண்டும் வந்தது. எடைக் கணக்கில் அது அபார வெற்றி. கோபால்ட்-குரோமியம் மிகச் சிறிதளவே தேய்ந்தது. ஆனால் அந்தச் சிறிதளவு பத்து நானோமீட்டர் கணக்கிலான துகள்களாக உதிர்ந்ததால் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியது. அயனிகள் இரத்தத்திலும் கலந்தன. தராசுக்கு இவை எதுவும் தெரியாது.

இந்த உலோக வகையைச் சேர்ந்த, டிப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். 2003 முதல் விற்கப்பட்ட இது 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 93,000 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது, அவர்களில் இந்தியரும் உண்டு. இங்கிலாந்து–வேல்ஸ் மூட்டுப் பதிவேட்டின் கணக்கில், ஐந்தே ஆண்டுகளில் மறு அறுவை தேவைப்பட்டவர்கள் வகைக்கேற்ப 12, 13 விழுக்காடு. பத்தாண்டில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதே அந்நாட்டில் அப்போது இருந்த வரையறை. வடிவமைத்தவர்கள் அறிவிலிகள் அல்லர். பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே மசகுப்படலம் நிலைக்கவேண்டும் என்பதற்காக இடைவெளியை மிகக் குறைத்தார்கள். கிண்ணத்தை அரைக்கோளத்தைவிட ஆழம் குறைவாக வார்த்தார்கள். கிண்ணம் உகந்த சாய்வில் இருக்கும்வரை இரண்டும் நல்ல முடிவுகளே. அறுவை அறையிலோ பத்துப் பாகை பிசகுவது அன்றாடம். சாய்வு செங்குத்தாகச் சற்றுக் கூடினால், ஆழமற்ற கிண்ணத்தில் சுமை விளிம்புக்குப் போய்விடும். விளிம்பில் மசகுப்படலம் அறுந்து, உலோகம் உலோகத்தை நேரடியாகச் சுரண்டும். சோதனை எந்திரத்தில் கிண்ணம் நல்ல கோணத்திலேயே நின்றது.

பழி மருத்துவர்கள்மீது போயிற்று: கிண்ணத்தைச் சரியாகப் பதிக்கவில்லையாம். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. அதே கைகள் பதித்த வேறு மூட்டுகள் அந்தப் பிசகைத் தாங்கின. பிசகைத் தாங்காமை பொருளின் பண்பு. இழுவலிமையைப் போலவே அதையும் அளந்து அட்டவணையில் போடலாம். 2018-இல் ஐ.எஸ்.ஓ. 14242-இன் நான்காம் பகுதி, கிண்ணத்தைத் தவறான நிலையில் வைத்து விளிம்புச் சுமையைச் சோதிக்கும் முறையை வகுத்தது. எட்டாண்டு தாமதம். என்றாலும் மருத்துவரின் கை அதில் ஒரு மாறியாகிவிட்டது.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. ஒவ்வொரு பிசகையும் ஒவ்வொரு பழக்கத்தையும் சேர்த்தால் சோதனை முடிவே பெறாது. இரு ஆய்வுக்கூடங்களின் எண்களை ஒப்பிடவும் இயலாது. தரநிலை எளிமையாக இருப்பது ஒப்பீட்டுக்காகத்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒப்பிடுவதற்கான சோதனை வேறு, உடலுக்குள் அனுப்பலாமா என்று தீர்மானிக்கும் சோதனை வேறு. இரண்டாவதற்கு வேண்டிய நிலைமைகளைக் கற்பனை செய்யவேண்டியதில்லை. கெட்டுப்போன மூட்டுகளே அவற்றைச் சொல்லும். இறந்த பின் மூட்டை எடுத்து ஆராயத் தம் நோயாளிகளிடம் சார்ன்லி முன்கூட்டியே இசைவு கேட்டுவைத்தார். சுவீடன் 1975-இல் முழங்கால் பதிவேட்டையும் 1979-இல் இடுப்புப் பதிவேட்டையும் தொடங்கியது. ஏ.எஸ்.ஆர். பற்றி முன்கூட்டி எச்சரித்ததும் ஆஸ்திரேலியப் பதிவேடுதான்.

முழங்காலில் இந்தக் கேள்வி நம் வீட்டுத் தரைக்கே வந்துவிடுகிறது. முழங்கால் மூட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 14243 தரநிலையின் நடையில் மடக்கு 58 பாகையைத் தாண்டுவதில்லை. சமதளத்தில் நடக்க அது போதும். சம்மணமிட்டு உண்பவருக்கும் குத்துக்காலிட்டுக் களை பறிப்பவருக்கும் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் வேண்டும். அந்த மடக்கில் தொடைப்பகுதி உலோகத்தின் பின்விளிம்பில் சுமை குவிகிறது. தென்கொரிய மருத்துவர் குழு ஒன்று 2007-இல், அதிக மடக்குக்கென்றே வடிவமைக்கப்பட்ட மூட்டு வகை ஒன்றைப் பொருத்திய 72 முழங்கால்களை ஆராய்ந்து, 38 விழுக்காட்டில் தொடைப்பகுதி தளர்ந்திருந்ததாக எழுதியது. குத்துக்காலிடுவோர், மண்டியிடுவோர், சம்மணமிடுவோரிடம் தளர்வு கூடுதல். பிற மருத்துவமனைகளின் அனுபவம் இவ்வளவு மோசமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் அந்த வேறுபாடு பொருளால் வந்ததா, பொருத்திய கையால் வந்ததா, உட்காரும் முறையால் வந்ததா என்பதை 58 பாகையில் நிற்கும் எந்திரத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. 120 பாகைக்கு மேல் மடக்கி, எலும்புச் சிமெண்ட் பிடிப்பின்மேல் சுமையேற்றி, சற்றே பிசகிய நிலையிலும் பதித்து ஓட்டும் சோதனையை, தரையில் உட்காரும் நாடுகளின் ஆய்வுக்கூடங்களே முதலில் வகுக்கவேண்டும்.