டென்மார்க்கின் மறுப்பும் க்ரீன்லாந்தின் மறுப்பும்

டென்மார்க் என்றால் நம்மில் பலருக்கும் கீர்க்ககார்ட். அதற்கு மேல் அந்த தேசத்தைப் பற்றி யோசிக்க எனக்கு அவசியம் நேர்ந்ததில்லை, 1992 வரை. அந்த வருஷம் ஜூன் 2ஆம் தேதி மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை டேனிஷ் மக்கள் நிராகரித்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.7 சதவீதம், வித்தியாசம் 50,000 ஓட்டுக்கும் குறைவு. 12 நாடுகளும் சம்மதித்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்பதால் ஐரோப்பியத் தலைநகரங்கள் திகைத்துப்போயின. பெரிய ஸ்தாபனத்தின் முன் ஒரு சின்ன நாடு 'மாட்டேன்' என்றதில் எனக்கு சந்தோஷம். சரித்திரத்தில் இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் படித்த பிறகு அந்த சந்தோஷம் அப்படியே நிற்கவில்லை.

டென்மார்க்கை ஐரோப்பிய சமூகத்துக்குள் கொண்டுபோனது லட்சியத்தைவிட பன்றி இறைச்சியும் வெண்ணெயும்தான். அவற்றை வாங்கிக்கொண்டிருந்த பிரிட்டன் உள்ளே போகும்போது விற்கிறவனும் கூடப் போக வேண்டியிருந்தது. 1972 செப்டம்பர் 25இல் நார்வே 53.5 சதவீதத்தால் மறுத்தது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 2இல், டென்மார்க் 63.3 சதவீதத்தால் சம்மதித்தது. வழக்கமாகக் கதையை இத்தோடு முடித்துவிடுகிறார்கள். ஆனால் அதே நாளில், அதே வாக்கெடுப்பில், க்ரீன்லாந்தில் நூற்றுக்கு 70 பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். தங்கள் கடலில் யார் மீன் பிடிப்பது என்பதை ப்ரஸ்ஸல்ஸ் தீர்மானிக்கும் என்று அவர்கள் பயந்தார்கள்.

அந்த 70 சதவீதத்துக்குப் பலன் இருக்கவில்லை. காலனியாக இருந்த தீவை, அங்குள்ள மக்களிடம் ஓட்டுக் கேட்காமலேயே, 1953இன் அரசியல் சட்டம் டென்மார்க்கின் ஒரு மாவட்டமாக்கியிருந்தது. ஒரு மாவட்டத்தின் மறுப்பு மொத்தக் கூட்டலில் கரைந்துபோகும். 1948லேயே சுயாட்சி பெற்றிருந்த ஃபாரோ தீவுகளால் வெளியே நிற்க முடிந்தது. க்ரீன்லாந்தோ, 1973 ஜனவரி 1 அன்று, தன் விருப்பத்துக்கு மாறாக உள்ளே இருந்தது.

1979இல் க்ரீன்லாந்துக்கு சுயாட்சி வந்தது. 1982 பிப்ரவரியில் அது தனியாக ஓட்டெடுத்தது; 53 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள். கோபன்ஹேகன் தடுக்கவில்லை, பேச்சுவார்த்தையையும் நடத்திக்கொடுத்தது. 1985 பிப்ரவரி 1 அன்று க்ரீன்லாந்து வெளியேறியது. அதன் கடலில் மீன் பிடிக்க ஐரோப்பிய சமூகம் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: 70 சதவீதம் செய்ய முடியாததை 53 சதவீதம் செய்தது. எதிர்ப்பு வலுக்கவில்லை, குறைந்துதான் இருந்தது. மாறியது, ஓட்டை எந்த எல்லைக்குள் எண்ணுவது என்பது.

டென்மார்க்குக்கு அந்த எல்லை எப்போதும் இருந்தது. 1992இன் மறுப்புக்குப் பதிலாக எடின்பரோவில் நான்கு விலக்குகள் கிடைத்தன. 1993 மே 18இல் 56.7 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். 2000இல் யூரோ நாணயத்தை மறுத்தார்கள். 2022இல், உக்ரைன் போருக்குப் பிறகு, பாதுகாப்பு விலக்கைத் தாங்களே கைவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஐரோப்பா காத்திருந்து பதில் கேட்டுக்கொண்டது.

அந்த மறுப்பை நான் இப்போதும் மதிக்கிறேன். ஆனால் சிறிய நாடு என்பதாலேயே ஒரு தேசம் நிரபராதியாகிவிடாது. தனக்கு மேலே இருந்தவர்களிடம் கேட்டுப் பெற்றதை டென்மார்க் 1972இல் தனக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தரவில்லை. சிறிய நாடுகளுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள், என்னையும் சேர்த்துத்தான், அந்த நாட்டின் கூட்டலுக்குள் கரைந்துபோனவர்கள் யார் என்றும் கேட்டாக வேண்டும்.