அரசை வழக்குக்கு அழைத்தலும் மலையகத் தோட்ட மக்களும்

மன்னன் தவறிழையான், ஆகவே தன் நீதிமன்றத்தில் தானே பிரதிவாதியாக நிற்கான் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழங்கொள்கையாகும். இங்கிலாந்தில் இக்கொள்கை 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பெரிதும் தளர்ந்தது. இலங்கையின் வரலாறு வேறு. உரோமன் டச்சுச் சட்டம் நிலவிய இந்நாட்டில், ஒப்பந்தப் பிணக்குகளில் முடிமீது வழக்கிடும் வழமை வேரூன்றியிருந்தது. 1884 இல் சீமான் அப்பு வழக்கிலே கோமறைக் கழகம் அதனை ஏற்றது. எனினும் அரச ஊழியர் இழைத்த தீங்குக்கு அரசைப் பொறுப்பாக்கும் வழி, 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் வரை அடைபட்டேயிருந்தது.

இவ்வரலாற்றை மலையகத்திலிருந்து நோக்குமிடத்து இரு வழக்குகள் முன்னிற்கின்றன.

முதலாவது, 1937 இன் பிரேஸ்கேர்டில் வழக்கு. மடுல்கலப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்தில் துரைத்தொழில் பயில வந்த இவ்வெள்ளையர், தொழிலாளர் பக்கஞ் சார்ந்து, லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத்துரைமாரைக் கண்டித்துப் பேசினார். ஏப்ரல் 22 ஆந் திகதி, நாட்டைவிட்டு வெளியேறுமாறு தேசாதிபதி ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். தலைமறைவாகிப் பின் கைதான அவருக்காக ஆட்கொணர்வு மனு தாக்கலாயிற்று. பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையில் மூவர் அதனை விசாரித்தனர். 1896 ஆம் ஆண்டின் கட்டளை அளித்த அதிகாரம் நெருக்கடிக் காலத்துக்கு மட்டுமே உரியது எனக் கொண்டு, மே 18 இல் அவரை விடுவித்தனர். முடியின் பிரதிநிதியே ஒப்பமிட்ட கட்டளையும் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு அப்பாற்பட்டதன்று என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது.

இரண்டாவது, கோடகன் பிள்ளை வழக்கு. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. அடுத்து வந்த 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் குறைபாடு விளைக்கும் சட்டத்தைச் சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு தடைசெய்திருந்தது. அதனை ஆதாரமாகக் கொண்டு இவ்வழக்கு எழுந்தது. 1953 இல் கோமறைக் கழகம் முறையீட்டை நிராகரித்தது. இடம்பெயரும் வழக்கம் பிரசாவுரிமைத் தகுதியோடு தொடர்புடையது. சமூகமென்ற வகையில் அவர்களைத் தொடுவதன்று என்பது அதன் கருத்து. இதற்கிடையே 1952 தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதி ஒருவரேனும் தெரிவாகவில்லை.

இவ்விரு வழக்குகளிலும் அரசின் செயல் நீதிமன்றத்தில் வினவப்பட்டது. எதிலும் விலக்குரிமை கதவை அடைக்கவில்லை. முன்னதில் அதிகாரத்தின் நோக்கம் ஆராயப்பட்டது, தனிமனிதர் வென்றார். பின்னதில் சட்டத்தின் சொற்கள் எவரையும் பெயர்சுட்டாமையால் அதன் விளைவு மறைந்துநின்றது. ஒரு சமூகம் தோற்றது. நிருவாகத்தின் கட்டளையை வெல்வது எளிதாயிருந்த இடத்தில், சட்டமன்றின் சூழ்ச்சியை வெல்வது அரிதாயிற்று. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பங்கிடப்பட்டோர் அதில் தரப்பினராயிருக்கவில்லை.

1978 யாப்பு, அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தை நேரே நாடும் வழியைத் திறந்தது. ஆயின் பேச்சுச் சுதந்திரம், ஒன்றுகூடல் முதலிய உரிமைகள் பிரசைகளுக்கே உரியனவாக வகுக்கப்பட்டன. நாடற்ற நிரந்தரவாசிகளுக்கு அவை பத்தாண்டுகளுக்கு மட்டுமே வழங்கப்பட்டன. எஞ்சியிருந்த நாடற்றோர் பிரசாவுரிமை பெறுவதற்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

எனவே, அரசுமீது வழக்கிடலாமா என்ற வினா மட்டும் போதாது. வழக்கிட வருபவரை அந்நாட்டின் சட்டம் யாராகக் கொள்கிறது என்பதே அதற்கு முந்திய வினா. மலையக மக்கள் அரைநூற்றாண்டுக்கு மேலாகப் போராடியது இம்முதல் வினாவோடுதான்.