கலங்கல் கற்களின் இடைவெளி: திருத்தணி வட்டாரச் சிறுவிவசாயமும் மாறிவரும் மழையும்

வட தமிழகத்தின் பழைய ஏரிகளில் கலங்கலின் மேல் குத்துக்கற்கள் வரிசையாக நட்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கற்களுக்கு இடையிலான சந்துகள் திறந்தே கிடக்கும். மிகைநீர் அவற்றின் வழியே வழிந்து போக்குக்காலில் விழுந்து அடுத்த ஏரிக்குப் போகும். மார்கழி பிறந்து, இனிப் பெருமழை இல்லை என்று ஊர் முடிவுகட்டிய பிறகு, அந்தச் சந்துகளில் பலகை செருகி வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். ஏரியின் மட்டம் கொஞ்சம் உயரும். அந்தக் கொஞ்ச உயரத்தில் தேங்கும் தண்ணீர்தான் நவரைப் பயிரைக் கதிர் முற்றும்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அவசரப்பட்டு அடைத்த பிறகு ஒரு புயல் வந்தால் கரை உடையும். தயங்கி நின்றால் தண்ணீர் ஓடிப்போகும்.

எப்போது அடைப்பது, யார் சொல்லி அடைப்பது, தவறினால் இழப்பு யாருடையது? பருவநிலை மாற்றத்துக்குச் சிறுவிவசாயி தன்னைத் தகவமைத்துக்கொள்வது பற்றிய விவாதம் முழுவதும் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம். தகவமைப்பு என்றதும் வறட்சி தாங்கும் விதை, சொட்டுநீர்க் குழாய், கைபேசி வானிலைச் செய்தி, பயிர்க் காப்பீடு என்று கொடுக்கப்படும் பொருள்களைப் பற்றியே திட்ட ஆவணங்கள் பேசுகின்றன. அவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மழை தன் பழைய கணக்கை மாற்றிக்கொள்ளும்போது முதலில் உடைவது முடிவெடுக்கும் ஏற்பாடு. திருத்தணி வட்டாரத்தில் அந்த ஏற்பாடு மழை மாறுவதற்கு முன்பே உடைந்துவிட்டது.

மழையிலிருந்து தொடங்கலாம். வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைப்பது ஏறத்தாழ 44 செ.மீ. 2015 நவம்பர், டிசம்பரில் வடமாவட்டங்கள் வெள்ளத்தில் மிதந்தன. அடுத்த ஆண்டே பருவமழை இயல்பைவிட அறுபது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அந்த வறண்ட ஆண்டில்தான், 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் அடித்துப்போட்டது. ஒரே பருவத்துக்குள் பஞ்சமும் புயலும். 2021இல் மழை இயல்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மார்கழி பிறந்த பிறகு மழை ஓய்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது. தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30இல். 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற சம்பா நெல் டெல்டாவில் வயலிலேயே சாய்ந்து முளைத்தது. கலங்கலை எப்போது அடைப்பது என்று தலைமுறைகளாகச் சேர்த்து வைத்திருந்த அனுபவம் இப்படித்தான் கைவிட்டுப் போகிறது. மழையின் மொத்த அளவில் வந்த மாற்றத்தைவிட, எந்த நாளில் எவ்வளவு பெய்யும் என்பதில் வந்த மாற்றமே சிறுவிவசாயியை அதிகம் வதைக்கிறது.

இதை ஒரு வேர்க்கடலை நிலத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதியின் செம்மண் மேட்டு நிலங்களில் மானாவாரிக் கடலை நெடுங்காலப் பயிர். விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் களை வெட்டி, ஜிப்சம் தூவி, செடியடியில் மண்ணை அணைப்பார்கள். பூ கருவுற்றதும் அதன் காம்பு ஊசிபோல் கீழ்நோக்கி நீண்டு மண்ணைத் தேடும். அதை விழுது இறங்குதல் என்பார்கள். அந்தப் பத்துப் பதினைந்து நாளில் ஒரு மழை இல்லையென்றால் செம்மண் ஓடுபோல் இறுகிவிடும். விழுது மண்ணின் மேற்பரப்பை முட்டி அங்கேயே கருகும். செடியைப் பிடுங்கிப் பார்த்தால் தழை செழித்திருக்கும், காய் இருக்காது. அதைத் தாண்டி வந்த பயிருக்கு இன்னொரு கண்டம் உண்டு. கொத்துக் கடலை ரகங்கள் பலவற்றின் விதைக்கு உறக்க காலம் கிடையாது. காய் முற்றிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். மழைமானியில் ஆண்டு மொத்தம் சரியாக இருக்கலாம். விவசாயியின் கையில் இருப்பது காயில்லாச் செடியோ முளைத்த காயோதான்.

இதற்கு விதை ஒரு பகுதி விடைதான். ஆந்திரத்தின் கதிரி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கடலை ரகங்கள் தமிழ்நாட்டு வடமாவட்டங்களிலும் விதைக்கப்படுகின்றன. விதைக்கு மாநில எல்லை தெரியாது. தண்ணீருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

திருத்தணியின் வரலாறு இங்கே நேரடியாகக் குறுக்கிடுகிறது. பிரிட்டிஷ் காலத்தில் இப்பகுதி கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்தது. ஜமீன் ஏரிகளின் பராமரிப்பு ஜமீன்தாரின் பொறுப்பு. அவர் செய்தால் உண்டு. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த ஏரிகள் அரசின் கைக்கு வந்தன. அப்போது ஊர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; 1953இல் அந்த மாவட்டத்தோடு, புதிதாகப் பிறந்த ஆந்திர மாநிலத்துக்குப் போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. படாஸ்கர் கொண்ட அளவுகோல் கிராமத்தை அலகாகக் கொண்டு மொழிப் பெரும்பான்மையைப் பார்ப்பது. தமிழ் பேசும் மக்கள் தமிழ் நிர்வாகத்தின் கீழ் வந்தது நியாயம். அந்தப் போராட்டத்தின் பயனை இன்றும் அனுபவிக்கிறோம். ஆனால் அந்த அளவுகோலில் ஓடைக்கும் ஏரிக்கும் இடமிருக்கவில்லை. இப்பகுதியில் பாயும் கொசஸ்தலையாற்றின் வரத்துப் பகுதி ஒரு பக்கமும் ஆயக்கட்டு மறுபக்கமும் நின்றன.

2021 நவம்பரில் இதன் விளைவு கண்ணெதிரே தெரிந்தது. நகரிக்கு அருகே உள்ள கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கம் நிரம்பித் திறக்கப்பட்டபோது பள்ளிப்பட்டுப் பகுதியில் தரைப்பாலங்கள் மூழ்கின. அதே கொசஸ்தலையாற்றில் ஆந்திர அரசு மேலும் இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டத் திட்டமிட்டதை எதிர்த்து 2022 ஆகஸ்டில் தமிழக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். வெள்ள ஆண்டில் தண்ணீர் அதிகம் வருகிறது என்றும் வறண்ட ஆண்டில் வரவில்லை என்றும் நாம் முறையிடுகிறோம். இரண்டும் நியாயமான முறையீடுகளே. ஆனால் மேல்மடை அணையின் கதவு எப்போது திறக்கும் என்ற செய்தி சென்னையிலும் அமராவதியிலும் உள்ள அலுவலகங்களுக்கு இடையே போய்வருவது கீழ்மடை ஏரியின் கலங்கலுக்குப் போதாது.

கலங்கலில் இன்று யார் நிற்கிறார்? 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். மீன்பாசிக் குத்தகையை ஒருவர் எடுக்கிறார், ஏரியின் கருவேல மரங்களை இன்னொருவர் ஏலம் எடுக்கிறார், வண்டல் மண்ணுக்கு வேறோர் அனுமதி. மீன் குத்தகைக்காரருக்கு ஏரி வற்றக் கூடாது. ஆயக்கட்டுக்காரருக்குத் தண்ணீர் வயலுக்கு வர வேண்டும். ஏரிக்குள் வீடு கட்டியவருக்கு ஏரி நிரம்பவே கூடாது. இத்தனை பேருக்கும் நடுவே கலங்கலை அடைக்கும் பொறுப்பு எந்தப் பதிவேட்டிலும் ஒருவர் பெயரில் இல்லை.

முன்பு இருந்தது. நீர்க்கட்டி என்ற ஒருவர் மடை திறந்து மூடினார், இரவு மழையில் கரையைச் சுற்றி வந்தார், அறுவடைக் களத்தில் நெல்லாகக் கூலி வாங்கினார். இந்த நினைவை வைத்துக்கொண்டு ஊராரே கூடி ஏரியைப் பராமரித்த குடிமராமத்தின் பொற்காலம் என்று ஒன்றைக் கட்டி எழுப்புவோர் பலர். அவர்களோடு நான் உடன்படவில்லை. பல ஊர்களில் அந்த வேலை தலித் குடும்பங்கள் மேல் சுமத்தப்பட்டது. ஆயக்கட்டில் அவர்களுக்கு நிலம் அநேகமாக இல்லை. கரை உடைந்தால் மண் சுமக்க ஊராரைக் கட்டாயப்படுத்த 1858இல் சென்னை மாகாண அரசு ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. தானாக முன்வந்து செய்தார்கள் என்ற சித்திரத்துக்கு அந்தச் சட்டம் இருந்ததே எதிர்ச்சாட்சி. ஆக, திரும்பப் பெற வேண்டியது அந்தப் பழைய சமூக ஏற்பாடு அன்று. அதில் இருந்த ஒரே ஒரு கூறு போதும்: ஏரிக்குப் பொறுப்பாக, பெயர் தெரிந்த, கூலி பெறும் ஓர் ஆள்.

2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஏரிகளைச் சீரமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தூர்வாரினார்கள், கரையைப் பலப்படுத்தினார்கள், சில மதகுகளைப் புதிதாகக் கட்டினார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி ஒருமுறை செய்து முடிக்கும் வேலை. மதகில் நாள்தோறும் நிற்க வேண்டியவருக்கான கூலி திட்டத்தின் செலவுத் தலைப்பில் இல்லை.

ஏரி தளர்ந்த இடத்தில் ஆழ்துளைக் கிணறு வந்தது. 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். சிறுவிவசாயியைக் காப்பாற்றிய ஏற்பாடு அது. அதைக் குறை சொல்வது எளிது, அதை விட்டால் அவருக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்பது கடினம். ஏரி முறை தவறிய நாளில் தன் கையில் ஒரு சுவிட்சாவது இருக்கட்டும் என்று அவர் நினைத்தது முழுக்க அறிவார்ந்த முடிவு. ஆனால் போர் போட முடிந்தவரும் முடியாதவரும் அன்றோடு பிரிந்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர்தான். பக்கத்து வயலில் போர் இன்னும் ஆழம் போனால் இவருடைய கிணறு வற்றும். ஏரி நிரம்பினால் இருவர் கிணற்றிலும் தண்ணீர் ஊறும்; ஆனால் கிணற்றுக்காரர் ஏரிக்குக் கூலி கொடுப்பதில்லை. ஏரியை வயலுக்குப் பாயும் நீர்நிலையாக மட்டும் பார்ப்பதை விட்டு, கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுக்கும் நீர்நிலையாகவும் கணக்கிட்டால், ஏரிப் பராமரிப்பில் பங்கு கொடுக்க வேண்டியவர் பட்டியல் நீளும். எனக்குத் தெரிந்தவரை நம் பாசனச் சங்க விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட கூறு இதுவே.

இங்கே ஆப்பிரிக்காவைப் பார்க்கலாம். கென்யாவின் கிட்டுய், மச்சாகோஸ் பகுதிகளில் வறண்ட ஆற்றின் குறுக்கே தாழ்ந்த தடுப்புச் சுவர் கட்டி மணலைத் தேக்குகிறார்கள். மணலின் துளைகளில் தண்ணீர் தங்குகிறது; வெயிலால் அதை எளிதில் ஆவியாக்க முடிவதில்லை; கோடையில் மணலைத் தோண்டி எடுக்கிறார்கள். அங்கே மணலைச் சேர்க்க மக்கள் கல் சுமக்கிறார்கள். கொசஸ்தலையாற்றில் இயற்கை சேர்த்து வைத்த மணலை நாம் லாரியில் ஏற்றிச் சென்னைக்குக் கொடுத்தோம். புர்கினா ஃபாசோவில் யாகூபா சாவடோகோ என்ற விவசாயி, இறுகிய நிலத்தில் மழைக்கு முன்பே சிறுகுழி வெட்டி எருவிட்டு விதைக்கும் ‘ஜாய்’ முறையைத் திருத்திப் பயன்படுத்தித் தரிசைக் காடாக்கினார்; 2018இல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அவரது வெற்றியைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாக மட்டும் எழுதுகிறார்கள். விளைந்த அந்தக் காட்டின் ஒரு பகுதி நகர விரிவாக்கத்துக்குப் போனதும் அதே வரலாற்றின் பகுதி. நிலத்தின் மேல் உரிமை உறுதியாக இல்லாதவன் குழி வெட்டினால் விளைச்சல் யாருக்கு என்ற கேள்வி அங்கும் இங்கும் ஒன்றே.

நம்மூரில் அந்தக் கேள்வி வாய்மொழிக் குத்தகையின் உருவில் வருகிறது. 1955ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரரை வெளியேற்ற விடாமல் காத்தது; அதற்கு அஞ்சியே பல நிலக்காரர்கள் குத்தகையை எழுத்தில் தருவதில்லை. 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேரச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். பட்டா தகப்பன் பெயரிலோ கணவன் பெயரிலோ இருக்க, உழுவது பெண் என்றால் அவளும் வெளியே நிற்கிறாள். சேர்ந்தாலும், வறட்சி போன்ற பரவலான இழப்பைத் தனி வயலுக்குக் கணக்கிடுவதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி விளைச்சலைப் பார்க்கிறார்கள். போர் உள்ளவர் நிலம் விளைந்து, மானாவாரிக்காரர் கடலை கருகினால், சராசரி இவருக்கு எதிராகப் போகும்.

தகவமைப்பு இந்த மண்ணுக்குப் புதிதன்று. திருவள்ளூர், செங்கல்பட்டுப் பகுதியில் ஆடி, ஆவணியில் காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்து, கிடைத்த மழையில் முளைக்க விட்டு, ஐப்பசியில் ஏரி நிறைந்ததும் அதையே சேற்று நெல்லாக மாற்றும் முறை உண்டு. நாற்றங்காலுக்குத் தண்ணீர் காத்திருக்க வேண்டியதில்லை. பருவம் பிந்தினாலும் பயிர் நிலத்தில் நிற்கும். எந்த நிபுணரும் கற்பிக்காத நுட்பம் இது. ஆனால் வியாபாரி கேட்பது மெல்லிய அரிசி. ஐந்து மாதம் நிற்கும் பாபட்லா நெல்லுக்கு நல்ல விலை. புழுதி நெல்லில் களை எடுக்கக் கூலியாள் அதிகம் வேண்டும். மழைக்கேற்ற பயிரும் விலைக்கேற்ற பயிரும் எதிரெதிராக இழுக்கின்றன. புழுதி விதைப்புக்குக் களையெடுப்புக் கூலியில் ஒரு பங்கை ஊரக வேலை உறுதித் திட்டத்தில் சேர்த்தால்கூட அந்த இழுபறி சற்றுத் தளரும்.

கலங்கலுக்கு வருகிறேன். ஒவ்வோர் ஏரிக்கும் கிணற்றுக்காரர், நிலமில்லாதவர், குத்தகைதாரர் எல்லாரும் சேர்ந்த குழுவும், ஊராட்சி நிதியில் மாதக் கூலி பெறும் நீர்க்கட்டியும் வேண்டும். அந்த வேலை எந்தச் சாதிக்கும் உரியதாக இருக்கக் கூடாது. கிருஷ்ணாபுரம் அணையின் கதவு திறக்கும் செய்தி, மாவட்ட அலுவலகத்தைச் சுற்றி வராமல், நீர்க்கட்டியின் கைபேசிக்கே தெலுங்கிலும் தமிழிலும் வர வேண்டும். எல்லையோர ஊர்களில் இரண்டு மொழியும் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பலகையும் களிமண்ணும் வைத்து அடைத்த சந்துகளைத் திறக்க ஓர் இரவில் எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதை ஏரிவாரியாக எழுதி வைக்க வேண்டும். பெரிய ஏரிக்கு அது அரை நாளாகலாம். அணைக் கதவு திறந்த பிறகு வெள்ளம் வந்து சேர ஆகும் நேரம் அதைவிடக் குறைவானால், அந்த ஏரியில் களிமண் அடைப்பை விட்டுவிட்டு, ஒருவரே தூக்கி இறக்கக்கூடிய இரும்புப் பலகை பொருத்துவதுதான் முதல் வேலை.