துணிக்கு ஓர் அலமாரி, உடம்புக்கு ஓர் அலமாரி

மார்கழி நெருங்கினால் கண்காட்சிப் பருவமும் வந்துவிடும். சென்னையில் சபாக்களோடு ஓவியக்கூடங்களும் களைகட்டும். கொச்சி பைனாலே நடக்கும் ஆண்டுகளில் நம் நண்பர்கள் ரயிலேறிப் போவார்கள். அண்மைக் காலமாக நவீன கலை அருங்காட்சியகங்கள் கைத்தறித் துணியை ஓவியத்துக்குச் சமமாகச் சுவரில் தொங்கவிடுகின்றன. காஞ்சிபுரம் பட்டும் அந்த வரிசையில் உண்டு. இது நல்ல மாற்றம்தானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் துணி அருங்காட்சியகத்துக்குள் போன வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் கைதட்ட நம்மால் முடியாது.

இந்தியத் துணியை முதலில் 'காட்சிக்கு' வைத்தவர்கள் கலை ரசிகர்கள் இல்லை, வியாபாரிகள். 1866ல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் லண்டனிலிருந்து 18 தொகுதிகளை வெளியிட்டார். அவற்றில் 700 இந்தியத் துணி மாதிரிகள் வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. மொத்தம் 20 பிரதிகள். அவற்றில் 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. எதற்காக? இந்த நாட்டு மக்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று பார்த்து, அதையே மான்செஸ்டர் ஆலைகள் நெய்து இங்கே விற்பதற்காக. துண்டின் நீளம், அகலம், எடை எல்லாம் குறிக்கப்பட்டன. நெய்தவர் யார் என்பது அந்தக் கணக்குக்குத் தேவைப்படவில்லை.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கதை இன்னொரு பாடம். 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். சாதிவாரியாக மக்களைப் பிடித்து மூக்கு, மண்டை, கை நீளம் அளந்தவர் அவர்தான். அந்த அளவைகளும் குறிப்புகளும் 1909ல் ஏழு தொகுதிகளாக வந்தன. ஆக, அருங்காட்சியகத்துக்குள் நம் மக்கள் நுழைந்தது கலைஞர்களாக இல்லை, அளக்கப்படும் உடம்புகளாக. துணிக்கு ஓர் அலமாரி, உடம்புக்கு ஓர் அலமாரி. இரண்டும் ஒரே மனிதருடையதாக இருக்கலாம் என்று யாரும் யோசிக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நெசவைத் தொழிலாகக் கொண்ட கோலியர் என்ற பறையர் பிரிவைப் பற்றி அதே தர்ஸ்டன் தொகுதிகளில் பதிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் பறையர்கள் முரட்டுப் பருத்தித் துணி நெய்தவர்கள். உழவரும் கூலிகளும் உடுத்தியது அந்தத் துணியைத்தான். கோயிலுக்கும் அரண்மனைக்கும் போன பட்டு மட்டுமே 'நெசவு மரபு' ஆனபோது, உழைக்கும் மக்களின் துணியும் அதை நெய்தவர்களும் வரலாற்றிலிருந்து கழன்றுபோனார்கள். இன்று காஞ்சிபுரம் நெசவு என்றால் பத்மசாலியர், தேவாங்கர், செங்குந்தர், சௌராஷ்டிரர் என்று வரிசை சொல்வார்கள். நம் பெயர் அந்த வரிசையில் வராது.

இப்போது 1955க்கு வருவோம். அந்த ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இந்தியத் துணிகளும் அணிகலன்களும் பெரும் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அரங்கை அமைத்தவர் அலெக்சாண்டர் ஜிரார்ட். பொன் பூசிய தூண்கள், நீர்த் தடாகம், மேலிருந்து தொங்கும் சேலைகள் என்று ஒரு கற்பனைக் கடைத்தெருவையே கட்டினார். கண்காட்சி நூலுக்குப் புபுல் ஜெயகரும் ஜான் இர்வினும் எழுதினார்கள். சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் அதைப் படமாக எடுத்தனர். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' முதன்முதலில் திரையிடப்பட்டதும் அந்தக் கண்காட்சியை ஒட்டித்தான். சுதந்திர இந்தியா உலகத்தின் முன் தன்னை அழகாகக் காட்டிக்கொண்ட தருணம் அது.

அந்தக் கண்காட்சி செப்டம்பர் வரை நடந்தது. அது நடந்துகொண்டிருந்தபோதே, 1955 ஜூன் 1 அன்று, இங்கே தீண்டாமைக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கிணறு, கடை, கோயில் மட்டுமல்ல, எந்தத் தொழிலையும் செய்வதிலிருந்து ஒருவரைத் தீண்டாமையின் பேரால் தடுப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம். ஒரே அரசு, ஒரே ஆண்டு. நியூயார்க்கில் 'இந்தியக் கைகளின் அழகு' காட்சிக்கு வந்தது. எந்தக் கை எந்தத் தொழிலைத் தொடலாம் என்பதற்கு இங்கே சட்டம் போட வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து எழுதிய கலை வரலாறு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

தொழிலில் தீண்டாமை எப்படி வேலை செய்யும் என்பதற்கு பம்பாய் ஆலைகள் சாட்சி. அங்கே நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். நூல் அறுந்தால் நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டத்தகாதவர் எச்சில் பட்ட நாடாவை மற்றவர் தொடமாட்டார் என்பதால் மகர்கள் அந்தப் பிரிவுக்குள் விடப்படவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர்களிடம் வற்புறுத்தினார் பாபாசாகேப் அம்பேத்கர். ஒரு சிறு நாடாவுக்குள் சாதி இருந்ததை அவர் பார்த்தார்.

காஞ்சிபுரத்தில் சாதி எங்கே இருக்கிறது? தறியிலேயே இருக்கிறது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடா ஓடும். ஒருவர் மட்டும் நெய்ய முடியாது. ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் தள்ள இன்னொருவர் வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் உட்கார்ந்தது சிறுவர்கள். பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் குறித்து 2003ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது. குடும்பம் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் தலித்துகள், முஸ்லிம்கள், பிற ஒடுக்கப்பட்ட சாதியினர் என்றது அது. அதே பட்டுக்கு அடுத்த சில ஆண்டுகளில் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலையின் பெயர் சட்டப் பாதுகாப்பு பெற்றது. ஓரத்தில் உட்கார்ந்தவருக்குப் பெயரே இல்லை.

1982ல் லண்டனில் இந்திய விழாவை ஒட்டி நடந்த துணிக் கண்காட்சிக்கு 'மாஸ்டர் வீவர்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே அதற்குப் பொருள் தலைசிறந்த கலைஞர். நம் ஊரில் மாஸ்டர் வீவர் என்றால் பட்டும் ஜரிகையும் தந்து, அட்வான்ஸ் கொடுத்து, கூலியில் பிடித்துக்கொள்கிற முதலாளி. அருங்காட்சியகத்தின் சொல்லுக்கும் தறிவீட்டின் சொல்லுக்கும் நடுவே உள்ள இந்தத் தூரம்தான் நம் பிரச்சினை.

கதவு முழுக்க அடைபட்டிருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. 2018 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'வானம்' கலைத் திருவிழாவைத் தொடங்கியபோது பறை, ஓவியம், நாடகம் எல்லாம் நம் கையிலேயே இருந்தன. மலக்குழித் தொழிலாளர்களைப் பற்றிய பழனிகுமாரின் புகைப்படங்களைப் பார்த்தவர்கள், அளவுகோல் பிடித்த தர்ஸ்டனின் பார்வைக்கும் நம்மவர் பார்வைக்கும் உள்ள வேறுபாட்டை உடனே உணர்வார்கள்.

எனவே, வரப்போகும் பருவத்தில் காஞ்சிபுரம் பட்டைக் காட்சிக்கு வைக்கும் கூடங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய விஷயமில்லை. சேலைக்குக் கீழே ஒட்டும் சிறு அட்டையில் வடிவமைப்பாளர் பெயருக்குப் பக்கத்தில் நெய்தவர் பெயர், கோர்வை இழுத்தவர் பெயர், சாயம் போட்டவர் பெயர் இருக்கட்டும். எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று இருக்கட்டும். நீள அகலம் எழுத ஃபோர்ப்ஸ் வாட்சனுக்கு இடம் இருந்தது. பெயர் எழுத உங்களுக்கு இடம் இல்லையா?

கண்காட்சிக்குப் போகும் தோழர்களும் இதைக் கேளுங்கள். பார்வையாளர் ஏட்டில் எழுதுங்கள்.