தெற்கே அனுப்பப்பட்டவர்

பெப்ரவரியில ஒரு இரவு ஒன்பது மணிபோல கண்டி வாவிக்கரையில நின்று ஹந்தானைப் பக்கம் பாருங்க. மேகம் இல்லையென்றால் உச்சிப் பக்கமாக சிரியஸ் மினுங்கும். அதற்குக் கீழே, தெற்கு அடிவானத்திலிருந்து சுமார் 30 பாகை உயரத்தில், இன்னொரு பெரிய வெளிச்சம் தெரியும். அது கனோபஸ், இரவு வானின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். நம்ம ஆட்கள் வைத்த பெயர் அகத்தியர்.

டோல்கீனின் கற்பனை உலகில் ஏரெண்டில் என்ற மாலுமி நெற்றியில் ஒளிமணியோடு வானில் கப்பலோட்டி நட்சத்திரமாகிறான். அதைப் படித்து வாய்பிளந்த நாங்கள், தலைக்கு மேலேயே ஒரு கதை நிற்பதைப் பிந்தித்தான் கவனித்தோம்.

கதை தெரிந்ததுதான். கயிலையில் சிவனுக்குக் கல்யாணம். எல்லோரும் அங்கே கூட, வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது. சமப்படுத்த அந்தக் குறுமுனியைத் தெற்கே அனுப்பினார்கள். வழியில் விந்தியமலை பணிந்தது. "நான் திரும்பி வரும்வரை இப்படியே இரு" என்றார். திரும்பவே இல்லை.

இந்தக் கதைக்குள் வானியலும் இருக்கிறது. டெல்லியில் இந்த நட்சத்திரம் 9 பாகைக்கு மேல் ஏறாது. சென்னையில் 24, கண்டியில் 30. தெற்கே நடக்க நடக்க அதுவும் உயர்ந்துகொண்டே வரும். வடக்கிலிருந்து நடந்து வந்த யாரோ இதைப் பார்த்துத்தான், "அவரும் நம்மோடு தெற்கே வருகிறார்" என்று சொல்லியிருப்பார்கள் என்பது எங்கள் ஊகம். பரிபாடலின் 11ஆம் பாடல் இந்த நட்சத்திரத்தைப் பொதிய முனிவன் என்றே குறிக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் இதன் உதயத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார்.

இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 310 வருஷமாகிறது. அப்போது கண்டியை ஆண்டவன் வீர நரேந்திரசிங்கன் (1707–1739). அந்த ஒளி பாதி வழி வருவதற்குள், 1815இல், கண்டி இராச்சியமே பிரிட்டிஷார் கைக்குப் போய்விட்டது. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் வந்தது. தோட்டங்கள் பெருகப் பெருக, தமிழ்நாட்டுச் சனம் மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியாகக் கால்நடையாகக் கண்டிச் சீமைக்கு வந்தது. கொலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

அகத்தியரும் தெற்கே அனுப்பப்பட்டவர்தான். அவரைத் தெற்கின் ஆளாகவே ஏற்றுக்கொண்டோம். தமிழுக்கு முதல் இலக்கணம் தந்தவர் என்றும் சொல்கிறோம். நம்ம பூட்டன், பாட்டிகளின் சனத்தையோ 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. முனிவரை "திரும்பிப் போ" என்று சொன்னதாக எந்தப் புராணமும் இல்லை.

உங்க வீட்டில் வயதானவர்கள் இருந்தால், இந்த நட்சத்திரத்தை லயத்து வாசலில் என்ன பெயர் சொல்லிக் காட்டினார்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களும் நம்ம வரலாறுதான்.