இணையவழிப் பலவுள் தெரிவு வினாக்களும் புள்ளியியல் கற்றலும்

வினாவையும் நான்கு விடைகளையும் திரையில் காட்டி, மாணவர் ஒன்றைத் தொட்டதும் சரியா தவறா என்று அங்கேயே சொல்லிவிடும் பயிற்சி முறை இது. பாடநூல் இதைப் பலவுள் தெரிவு என்கிறது. திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது ‘ஒரு மார்க்’. பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் இவ்வகை வினாக்கள் 14. பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் தாளில் 20. ஆகவே மாணவர்கள் இதை மதிப்பெண் வாங்கும் வழியாகவே பார்க்கிறார்கள். கற்கும் வழியாக இது பயன்படுவது பெரும்பாலும் இணையத்தில்தான்.

அச்சில் இம்முறையைக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் கான்சாஸைச் சேர்ந்த ஃபிரெடரிக் கெல்லி. அவருடைய வாசிப்புத் தேர்வு 1915-ல் வெளியானது. இணையத்துக்கு வந்தபின் மூடுல் (2002), பெங்களூரில் தொடங்கிய குவிஸிஸ் (2015) போன்ற கற்றல் தளங்கள் வகுப்பறைகளில் பரவின. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் இணைய மதிப்பீட்டு வினாக்களுக்கு இட்டுச்செல்லும் கியூ.ஆர். குறியீடுகள் அச்சாகின்றன.

வினாவுக்கு விடை தேடுவதே நினைவை உறுதியாக்கும் என்பதற்கு அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு சான்றாகக் காட்டப்படுகிறது. பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களுக்கு 56 விழுக்காடும் திரும்பப் படித்தவர்களுக்கு 42 விழுக்காடும் நினைவில் இருந்தது. அந்த ஆய்வில் விருப்ப விடைகள் தரப்படவில்லை என்பதை மறக்கக் கூடாது. நான்கு விடைகளைப் பார்த்துவிட்ட மாணவர், தவறான ஒன்றை உண்மையென மனத்தில் பதித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. உடனுக்குடன் திருத்தம் சொன்னால் அது குறையும். வழக்கமான காகிதத் தேர்வில் இதற்கு வழியில்லை, இணையத்தில் உண்டு.

புள்ளியியலில் இம்முறையின் உயிர் தவறான விடைகளில் இருக்கிறது. வெள்ளகோவில் பக்கத்து முருங்கை வியாபாரத்தை வைத்து ஒரு வினா அமைப்போம். வியாபாரி ஒருவர் செடிமுருங்கை 30 கிலோவைக் கிலோ 20 ரூபாய்க்கும், கரும்பு முருங்கை 10 கிலோவைக் கிலோ 40 ரூபாய்க்கும் வாங்குகிறார். ஒரு கிலோவின் சராசரி விலை என்ன? விடைகள்: 20, 25, 30, 35.

சரியான விடை 25. மொத்தம் 1,000 ரூபாய், 40 கிலோ. 30 என்பவர் இரு விலைகளைக் கூட்டி இரண்டால் வகுத்தவர். நிறையிட்ட சராசரி அவருக்கு எட்டவில்லை. 35 என்பவருக்கு முறை தெரியும், ஆனால் எடைகளை மாற்றிப் பெருக்கிவிட்டார். 20 என்பவர் முகட்டை, அதாவது அதிகம் வரும் மதிப்பை, சராசரி என்று எண்ணியிருக்கலாம். மூவருக்கும் ஒரே ‘தவறு’ என்ற சொல்லைக் காட்டினால் வினா வீண். ஒவ்வொரு விடைக்கும் தனி விளக்கம் எழுதி வைப்பதுதான் ஆசிரியரின் உண்மையான வேலை. அதற்குச் சோம்பிக் கூகுள் படிவத்தில் பழைய வினாத்தாளை அப்படியே ஏற்றுவது பரவலாக நடக்கிறது. அது தேர்வுதானே தவிர, பாடமாகாது.

குருட்டாம்போக்கில் விடை போடுவதும் இங்கே பாடமாகிவிடும். நான்கு விடைகள் கொண்ட 20 வினாக்களில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் எதிர்பார்க்கும் மதிப்பெண் 5, திட்ட விலக்கம் ஏறத்தாழ 1.94. பத்தோ அதற்கு மேலோ கிடைக்கும் வாய்ப்பு 1.4 விழுக்காடுதான். ஒவ்வொரு தவறுக்கும் மூன்றில் ஒரு மதிப்பெண் கழித்தால் எதிர்பார்ப்பு பூச்சியம். ஈருறுப்புப் பரவலுக்கு மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்கும் எடுத்துக்காட்டு வேறொன்று கிடைப்பது அரிது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுவதைத் தடுக்க, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண்களைத் தரும் வசதி மூடுலில் உண்டு.

கருத்துப் புரிதலை அளக்கவென்றே அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது ‘காஸ்’ எனும் 40 வினாத் தொகுப்பு. 2007-ல் வெளியான ஆய்வில் 763 கல்லூரி மாணவர்களின் சராசரி, புள்ளியியல் வகுப்புக்கு முன் 44.9 விழுக்காடு, படித்து முடித்தபின் 54.0. ஒரு பருவம் முழுதும் படித்ததற்கு இது சொற்பம். சூத்திரம் போட்டுக் கணக்கைச் செய்துவிடுவது வேறு, புரிந்துகொள்வது வேறு என்று ஆசிரியர்கள் புலம்புவதற்கு இதில் எண் கிடைத்தது.

தமிழ்நாட்டில் இணையவழி வினாப் பயிற்சியின் பெரிய களம் சென்னை ஐ.ஐ.டி. அது 2020 ஜூன் 30-ல் அறிவித்த இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பின் அடித்தள நிலையில் புள்ளியியல் இரண்டு தாள்களாக இருக்கிறது. வாரந்தோறும் பயிற்சி வினாக்களை இணையத்தில் முடிக்க வேண்டும். முக்கியத் தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ஐ.ஐ.டி.கள் இணைந்து நடத்தும் இணையவழித் திட்டமான என்.பி.டி.இ.எல். படிப்புகளிலும் இதே அமைப்புதான்: 12 வாரப் படிப்பில் சிறந்த 8 வாரங்களின் பயிற்சிக்கு 25 விழுக்காடு, நேரடித் தேர்வுக்கு 75. ஊரில் இருந்தபடியே வாராந்தர வினாக்களைக் கைப்பேசியில் செய்யலாம். வினாக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருவது தமிழ்வழி மாணவர்களுக்குத் தடை. என்.பி.டி.இ.எல். படிப்பில் சேர்வதற்கும் வாராந்தரப் பயிற்சிக்கும் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே பணம் கட்ட வேண்டும்.