எழும்பூரில் கடைசி 11 நிமிடங்கள்

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் இருப்பவர்கள் மின்சார ரயிலில் சென்ட்ரல் போய் இறங்கினால், எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி மைதானம் அதிக தூரமில்லை. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை இங்கேயும் மதுரையிலும் நடந்தது. 21 வயதுக்கு உட்பட்டோருக்கான இந்தப் போட்டியில் முதல் முறையாக 24 அணிகள் ஆடின.

இந்தியா 2001-லும் 2016-லும் இந்தக் கோப்பையை வென்ற நாடு. ஆனால் 2021-இல் புவனேஸ்வரிலும் 2023-இல் கோலாலம்பூரிலும் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் தோற்று, வெறுங்கையோடு திரும்பியது.

சென்னையில் காலிறுதியில் பெல்ஜியத்தை ஷூட்-அவுட்டில் வென்றோம். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று பலத்த அடி! மறுபடியும் அதே மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். எதிரே அர்ஜென்டினா. கடைசி 15 நிமிடம் தொடங்கும்போது 0-2 என்று பின்தங்கியிருந்தோம். கதை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும்.

ஆனால் கடைசி 11 நிமிடங்களில் அங்கித் பால், மன்மீத் சிங், சாரதானந்த் திவாரி, அன்மோல் எக்கா என நான்கு பேர் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். 4-2, வெண்கலம் நமக்கு!

பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்தோடு ஓய்வு பெற்ற கோல்கீப்பர். வெண்கலத்துக்கான ஆட்டத்தின் அருமை அவருக்குத் தெரியும்.

கோப்பை, ஸ்பெயினை ஷூட்-அவுட்டில் வென்ற ஜெர்மனிக்குப் போனது. சரித்திரம் முதலிடத்தைத்தான் பெரிய எழுத்தில் எழுதும். ஆனால் வயது வரம்பு உள்ள போட்டியில் பலருக்கு இரண்டாம் வாய்ப்பே கிடையாது. அவர்களுக்கு அந்த 11 நிமிடங்கள்தான் சரித்திரம்.